சேமித்த இடம் எங்கிருந்து வந்தது?

கடல் பக்கமிருந்து சென்னைக்கு வந்து இறங்கும் விமானங்கள் மயிலாப்பூர், அடையாறு பகுதிகளுக்கு மேலே தாழப் பறந்து மீனம்பாக்கம் போகின்றன. இந்தப் பகுதிகளில் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு அந்தச் சத்தம் பழகிய ஒன்று. சில நொடிகள் நாம் பேச்சை நிறுத்துவோம். மாணவர்கள் ஜன்னலைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையையே ஒரு பாடமாக மாற்ற முடியுமா என்று யோசித்துத் தயாரித்த செயல்திட்டம் இது. எட்டாம் வகுப்பு அறிவியலில் ‘விசையும் அழுத்தமும்’, கணக்கில் ‘அளவைகள்’ ஆகிய இரண்டு பாடங்களையும் இணைத்து ஐந்து பாடவேளைகளில் நடத்தலாம். தொடக்க வகுப்புக்கும் ஒன்பது, பத்தாம் வகுப்புக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளும் வழியும் இறுதியில் உள்ளது.

பாடப்பொருள், விமானத்தின் கழிவறை.

கழிவறை என்ற சொல்லைக் கேட்டதும் வகுப்பு சிரிக்கும். சிரிக்கட்டும், அதட்ட வேண்டாம். இரண்டாவது பாடவேளையில் கையில் அளவு நாடாவுடன் தரையில் மண்டியிட்டிருக்கும்போது யாரும் சிரிப்பதில்லை.

மூன்றடிக்கு மூன்றடி

உள்நாட்டுப் பயணங்களில் அதிகம் பறக்கும் ஏர்பஸ் ஏ320 வகை விமானத்தில் ஏறக்குறைய 180 முதல் 186 இருக்கைகள் இருக்கும். கழிவறைகள் பெரும்பாலும் மூன்று. 186ஐ 3ஆல் வகுத்தால், ஒரு கழிவறைக்கு 62 பேர். அந்த அறையோ சுமார் மூன்றடி நீளம், மூன்றடி அகலம். அதற்குள்தான் பீங்கான் தொட்டி போன்ற இருக்கை, வாஷ் பேசின், கண்ணாடி, குப்பைப் பெட்டி, காகிதம் வைக்கும் இடம், புகை உணர்த்தும் கருவி எல்லாமே.

ஏன் இவ்வளவு சிறிதாகக் கட்டுகிறார்கள்? விமானத்தில் ஒவ்வொரு அடிக்கும் விலை உண்டு. கழிவறை விட்டுக்கொடுக்கும் இடத்தில் ஓர் இருக்கை வைத்தால், அந்த விமானம் ஓடும் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் அந்த இருக்கைக்கு டிக்கெட் விற்கலாம். ஆகவே கழிவறையின் சுவரை ஓர் அங்குலம் நகர்த்துவதற்காகப் பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் உழைக்கிறார்கள்.

தண்ணீரும் இப்படித்தான். மாணவர்களிடம் இந்தக் கணக்கைக் கொடுங்கள். வீட்டுக் கழிவறையில் ஒரு முறை ஃபிளஷ் செய்ய 10 லிட்டர் தண்ணீர் செலவாவதாக வைத்துக்கொள்வோம். 186 பேரும் ஒரு முறை மட்டும் பயன்படுத்தினால் 1,860 லிட்டர் தேவை. எடை 1,860 கிலோ, அதாவது ஏறத்தாழ இரண்டு டன். ஆனால் ஏ320 விமானத்தின் தண்ணீர்த் தொட்டி மொத்தமே 200 லிட்டர்தான். நம் வீடுகளுக்கு வரும் 20 லிட்டர் கேனில் பத்து. அப்படியானால் எப்படிச் சமாளிக்கிறார்கள்? இந்தக் கேள்வியை அன்றைக்கு விடை சொல்லாமல் விட்டுவிடுவது நல்லது. மறுநாள் பாதி வகுப்பு ஏதாவது ஒரு விடையுடன் வரும்.

உறிஞ்சும் காற்று

வருகிற விடைகளில் ஒன்று நிச்சயம் இதுவாக இருக்கும்: “மேலேயிருந்து கீழே கொட்டிடுவாங்க மிஸ்.” இந்தத் தவறான எண்ணம் பெரியவர்களிடமும் உண்டு. விமானத்தின் கழிவு பறக்கும்போது வெளியே விடப்படுவதில்லை. உள்ளேயே ஒரு மூடிய தொட்டியில் சேர்கிறது. தரையிறங்கிய பிறகு, அதற்கென உள்ள லாரி வந்து குழாய் பொருத்தி எடுத்துச் செல்கிறது.

கழிவைத் தொட்டிவரை தள்ளும் வேலையைத் தண்ணீருக்குப் பதிலாகக் காற்று செய்கிறது. ஜேம்ஸ் கெம்பர் என்பவர் 1975இல் காப்புரிமை பெற்ற வெற்றிடக் கழிவறை, 1980களில் போயிங் விமானங்களில் இடம்பிடித்தது. இதன் இயக்கம் நம் பாடநூலில் உள்ள அழுத்த வேறுபாடுதான். 35,000 அடி உயரத்தில் வெளியே காற்றழுத்தம் சுமார் 24 கிலோபாஸ்கல். பயணிகள் மூச்சுவிட வேண்டும் என்பதால் விமானத்துக்குள் ஏறத்தாழ 75 கிலோபாஸ்கல் அழுத்தம் பராமரிக்கப்படுகிறது. கழிவுத்தொட்டி வெளிக்காற்றின் குறைந்த அழுத்தத்துடன் இணைக்கப்பட்டிருக்கும். பொத்தானை அழுத்தியதும் வால்வு ஒரு கணம் திறக்கும். அறைக்குள் இருக்கும் காற்று குறைந்த அழுத்தம் உள்ள தொட்டியை நோக்கிப் பாயும். கழிவையும் அடித்துக்கொண்டு போகும். பயணம் செய்தவர்கள் சொல்லும் அந்தப் பயங்கரச் சத்தம் இதுதான்.

கரும்பலகையில் போட ஒரு கணக்கு: அழுத்த வேறுபாடு 75 − 24 = 51 கிலோபாஸ்கல். குழாயின் விட்டம் 5 செ.மீ. என்று எடுத்துக்கொண்டால் அதன் பரப்பு ஏறத்தாழ 0.00196 சதுர மீட்டர். விசை = அழுத்தம் × பரப்பு = 51,000 × 0.00196 = ஏறத்தாழ 100 நியூட்டன். ஒரு 10 கிலோ அரிசிப் பை கையில் தரும் சுமை. இத்தனை விசை இருப்பதால் ஏறக்குறைய ஒரு டம்ளர் தண்ணீரே போதும். தொட்டியின் உட்புறம் நான்-ஸ்டிக் தோசைக்கல் போல வழுவழுப்பான பூச்சு கொண்டிருப்பதும் உதவுகிறது. ஒரு டம்ளரை 200 மி.லி. என்று கொண்டால் 186 பேருக்கு 37.2 லிட்டர். முன்பு கண்ட 1,860 லிட்டருடன் ஒப்பிட்டு எத்தனை சதவீதம் மிச்சம் என்று மாணவர்கள் கண்டுபிடிக்கட்டும்.

விமானம் தரையில் நிற்கும்போது உள்ளும் புறமும் ஒரே அழுத்தம். அப்போது எப்படி ஃபிளஷ் ஆகும்? நன்றாகக் கவனிக்கும் மாணவர் கேட்கும் கேள்வி இது. தரையிலும், சுமார் 16,000 அடிக்குக் கீழே பறக்கும்போதும், ஒரு மின்சார மோட்டார் அந்த வெற்றிடத்தை உருவாக்கித் தருகிறது.

வளைந்த சுவரின் வழக்கு

இனி இடத்துக்கு வருவோம். விமானத்தின் கடைசி வரிசை இருக்கையைப் பக்கவாட்டிலிருந்து பார்ப்பதாகக் கற்பனை செய்து கரும்பலகையில் வரையுங்கள். இருக்கையின் முதுகுப் பகுதி சாய்ந்திருக்கிறது. அதற்குப் பின்னால் கழிவறையின் சுவர் செங்குத்தாக நிற்கிறது. சாய்ந்த கோட்டுக்கும் நேர்க்கோட்டுக்கும் நடுவே ஒரு முக்கோணம் தெரிகிறதா? அந்த இடம் யாருக்கும் பயன்படவில்லை.

அந்த முக்கோணத்தின் உயரம் 75 செ.மீ., அடிப்பக்கம் 15 செ.மீ. என்று எடுத்துக்கொள்வோம். பரப்பு 562.5 சதுர செ.மீ. மூன்று இருக்கைகளின் மொத்த அகலம் 150 செ.மீ. என்றால் கன அளவு 84,375 கன செ.மீ. அதாவது ஏறத்தாழ 84 லிட்டர். நான்கு தண்ணீர் கேன் கொள்ளும் இடம் சும்மா கிடக்கிறது.

அமெரிக்காவின் பி/இ ஏரோஸ்பேஸ் நிறுவனம் போயிங் 737 விமானத்துக்காக, இருக்கையின் சாய்வுக்கு ஏற்ப வளைந்த சுவர் கொண்ட கழிவறையை வடிவமைத்தது. இருக்கையின் முதுகு அந்த வளைவுக்குள் பொருந்திக்கொள்ளும். மொத்த வரிசையையும் பின்னுக்குத் தள்ளலாம். கூடுதலாக ஆறு இருக்கைகள்வரை வைக்க இடம் கிடைக்கும் என்று அந்த நிறுவனம் அறிவித்தது.

இதே போன்ற கழிவறையைப் போட்டி நிறுவனம் ஒன்றும் செய்தபோது காப்புரிமைச் சண்டை வந்தது. எதிர்த்தரப்பு ஒரு பழைய காப்புரிமையைக் கொண்டுவந்து காட்டியது. அது விமானத்தில் கோட்டுகளைத் தொங்கவிடும் அலமாரியைப் பற்றியது. அந்த அலமாரியின் சுவரும் சாய்ந்த இருக்கைக்கு இடம் விட்டு வளைந்தே இருந்தது. அலமாரிக்குச் செய்ததைக் கழிவறைக்குச் செய்வது, அந்தத் தொழில் தெரிந்த எவருக்கும் தோன்றக்கூடியதே என்ற முடிவை 2020இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது.

இந்த வழக்கை வகுப்பில் பத்து நிமிட விவாதமாக வைக்கலாம். ஏற்கெனவே இருக்கும் ஒரு யோசனையை வேறோர் இடத்தில் பொருத்துவது கண்டுபிடிப்பு ஆகுமா? ஒரு குழு ஆகும் என்றும், மற்றொரு குழு ஆகாது என்றும் வாதிடட்டும். மாணவர்களின் சொந்த வாழ்க்கையிலேயே எடுத்துக்காட்டுகள் கிடைக்கும். தியாகராய நகர், மயிலாப்பூர் சந்துகளில் மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருப்பவர்களை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். கட்டிலுக்கு அடியில் அரிசி டிரம்மும், கதவுக்குப் பின்னால் துணிக் கொக்கியும், பரண்மேல் பாத்திரமும் வைத்து வாழும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகள் அவர்கள். இடத்தைச் சேமிப்பது பற்றி அவர்களுக்கு நாம் சொல்லித்தருவதைவிட அவர்கள் நமக்குச் சொல்லக்கூடியது அதிகம்.

இந்த இடத்தில் அவர்கள் முன் ஒரு கேள்வியை வையுங்கள். முழுச் செயல்திட்டமும் அதைச் சுற்றியே நகர்கிறது: சேமித்த இடம் எங்கிருந்து வந்தது?

வளைந்த சுவர் எடுத்துக்கொண்ட முக்கோணம் வீணாகக் கிடந்தது. அதை எடுத்ததில் பெரிய நட்டம் யாருக்கும் இல்லை. ஆனால் எல்லாச் சேமிப்பும் இப்படி இல்லை. பின்னர் வந்த சில 737 மேக்ஸ் விமானங்களில் கழிவறையின் அகலமே சுமார் 24 அங்குலமாக, அதாவது 61 செ.மீ. ஆகக் குறைந்தது. வாஷ் பேசினில் இரண்டு கைகளையும் ஒன்றாக வைத்துக் கழுவ முடியவில்லை என்று பயணிகள் குறைப்பட்டுக்கொண்டார்கள். இங்கே சேமித்த இடம் வீணாகக் கிடந்த மூலையிலிருந்து வரவில்லை. பயன்படுத்துபவரின் தோளிலிருந்தும் முழங்கையிலிருந்தும் வந்தது.

பெரம்பூர் காட்டும் வழி

நம் மாணவர்களில் விமானத்தில் ஏறியவர்கள் மிகக் குறைவு. ரயிலில் போகாதவர்களும் மிகக் குறைவு. ஆகவே அடுத்த பாடவேளையில் விமானத்திலிருந்து ரயிலுக்கு இறங்குவோம். அதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1955 அக்டோபர் 2ஆம் நாள் நேரு தொடங்கிவைத்த பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை நம் ஊரிலேயே இருக்கிறது.

வரலாற்றில் தொடங்கலாம். நூறாண்டுகளுக்கு முன் நம் நாட்டு ரயில்களின் கீழ்வகுப்புப் பெட்டிகளில் கழிவறையே கிடையாது. 1909இல் ஒகில் சந்திர சென் என்ற பயணி, அகமதுபூர் நிலையத்தில் அவசரத்துக்கு இறங்கி, ரயிலைத் தவறவிட்டார். எல்லார் முன்னிலையிலும் தான் பட்ட அவமானத்தைத் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் எழுதி, சாகிப்கஞ்ச் ரயில்வே அலுவலகத்துக்கு அனுப்பினார். கீழ்வகுப்புப் பெட்டிகளுக்கும் கழிவறை வந்ததற்கு அந்தக் கடிதம் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்தில் அது வைக்கப்பட்டிருக்கிறது. இலக்கணப் பிழைகள் நிறைந்த ஒரு முறையீட்டுக் கடிதம் என்ன செய்ய முடியும் என்பதை மொழிப் பாட ஆசிரியர்களும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அதன் பிறகு வந்த கழிவறைகள் எளிமையானவை. கீழே ஒரு குழாய், அதற்குக் கீழே தண்டவாளம். இடமும் மிச்சம், தொட்டியும் வேண்டாம், செலவும் குறைவு. மாணவர்களிடம் நம் கேள்வியைக் கேளுங்கள்: அந்தச் சேமிப்பு எங்கிருந்து வந்தது? ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். தண்டவாளம் துருப்பிடித்தது. நிலையங்களில் நாற்றம். பாதையைப் பரிசோதிக்கும் தொழிலாளி அதன் மேல் குனிந்து வேலை செய்ய வேண்டியிருந்தது. நிலையத்துத் தண்டவாளங்களை மனிதர்கள் துடைப்பத்தாலும் கையாலும் சுத்தம் செய்தார்கள். பயணி பெட்டிக்குள் கண்டுகொள்ளாமல் விட்டதைத் தொழிலாளி தன் உடலால் சுமந்தார். 2012இல் அனில் ககோட்கர் தலைமையிலான ரயில் பாதுகாப்புக் குழு, கழிவைப் பாதையில் விடுவதை நிறுத்த வேண்டும் என்று வலியுறுத்தியது. மனிதக் கழிவை மனிதர் அகற்றும் வேலைக்குத் தடைவிதிக்கும் சட்டம் 2013இல் வந்தது.

மாற்று வழி நம் நாட்டிலேயே உருவானது. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவின் குவாலியர் ஆய்வகம், கடுங்குளிர்ப் பகுதிகளில் இருக்கும் படைவீரர்களுக்காக உயிரிக் கழிவறையை உருவாக்கியிருந்தது. பெட்டிக்கு அடியில் பொருத்தப்படும் தொட்டியில், ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைத்து நீராகவும் மீத்தேன், கார்பன் டைஆக்சைடு வாயுக்களாகவும் மாற்றுகின்றன. ரயில்வேயுடன் சேர்ந்து இது ரயில்பெட்டிக்கு ஏற்றபடி மாற்றப்பட்டது. 2011 ஜனவரியில் புந்தேல்கண்ட் விரைவு ரயிலில் அறிமுகமானது. இன்று இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட உயிரிக் கழிவறைகள் நம் ரயில்களில் உள்ளன.

இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு முதலிடம் உண்டு. ராமேஸ்வரம் – மானாமதுரை இடையிலான 114 கிலோமீட்டர் பாதை, கழிவு விழாத இந்தியாவின் முதல் பசுமை வழித்தடமாக 2016 ஜூலையில் அறிவிக்கப்பட்டது.

விமானத்தின் உறிஞ்சும் காற்றும் ரயிலின் பாக்டீரியாவும் ஒன்றுசேர்ந்த இடம், பெரம்பூரில் வடிவமைத்துக் கட்டப்பட்ட வந்தே பாரத் ரயில். 2018இல் வெளிவந்த முதல் ரயிலிலேயே உயிரி வெற்றிடக் கழிவறைகள் பொருத்தப்பட்டிருந்தன. ரயிலுக்கு வெளியே 24 கிலோபாஸ்கல் கிடையாது. தரை மட்டத்துக் காற்றழுத்தம்தான். ஆகவே வெற்றிடத்தைச் செயற்கையாக உருவாக்க வேண்டும். இந்த வேறுபாட்டை மாணவர்களே கண்டுபிடித்துச் சொல்ல வாய்ப்பளியுங்கள்.

உயிரிக் கழிவறையின் எதிரிகள் யார் தெரியுமா? தண்ணீர் பாட்டில், டீக் கப், துணி, நாப்கின், பாக்குப் பொட்டலம். பாக்டீரியா இவற்றைத் தின்னாது. குழாய் அடைத்துக்கொள்ளும். அடைப்பை எடுக்க மறுபடியும் ஒரு மனிதர்தான் வர வேண்டும்.

தரையில் ஒரு சதுரம்

இனி செயல்பாடு. தேவையானவை சுண்ணக்கட்டி, அளவு நாடா, நூல், பழைய நாளிதழ், ஒரு நாற்காலி. எந்தப் பள்ளியிலும் இவை இருக்கும்.

முதல் படி: வராந்தாவில் 90 செ.மீ. × 90 செ.மீ. சதுரம் ஒன்றை வரையுங்கள். பரப்பு 8,100 சதுர செ.மீ. அதற்குள் ஒரு மூலையில் நாற்காலியை வையுங்கள். ஒவ்வொருவராக உள்ளே போய், திரும்பி, உட்கார்ந்து, எழுந்து, கை கழுவுவதுபோல் செய்து வெளியே வரட்டும். கோட்டைத் தொட்ட இடங்களைத் தோழர் குறித்துக்கொள்ள வேண்டும். தோள், முழங்கை, முழங்கால் எது அதிகம் இடிக்கிறது என்று அட்டவணை போடலாம்.

இரண்டாம் படி: கதவு. 60 செ.மீ. அகலமுள்ள கதவு உள்பக்கமாகத் திறந்தால், அது கடக்கும் பகுதி ஒரு கால் வட்டம். நூலையும் சுண்ணக்கட்டியையும் வைத்து அந்தக் கால் வட்டத்தைத் தரையில் வரைய வேண்டும். பரப்பு ¼ × 3.14 × 60 × 60 = 2,826 சதுர செ.மீ. அறையின் பரப்பில் ஏறத்தாழ 35 சதவீதம். கதவு ஒன்றே மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. விமானத்தில் ஏன் நடுவில் மடங்கும் கதவு வைக்கிறார்கள் என்பது இப்போது விளக்காமலே புரியும். கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி வைத்தால் அந்த இடம் யாரிடமிருந்து போகிறது என்றும் கேளுங்கள். வராந்தாவில் நடப்பவரிடமிருந்து.

மூன்றாம் படி: குழுவாக வடிவமைப்பு. நாளிதழில் 1:1 அளவில் இருக்கை, பேசின், குப்பைக்கூடை ஆகியவற்றை வெட்டி, சதுரத்துக்குள் நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்க்கட்டும். முடிவானதை 1:10 அளவில் வரைபடத்தாளில் வரைய வேண்டும். ஒவ்வொரு குழுவும் தாளின் கீழே இரண்டு வரிகள் எழுத வேண்டும்: நாங்கள் சேமித்த இடம் இவ்வளவு. அது இங்கிருந்து வந்தது.

நான்காம் படி: சக்கர நாற்காலி. இதைத் தொடக்கத்தில் சொல்லாதீர்கள். எல்லாக் குழுவும் வரைபடத்தை முடித்த பிறகு சொல்லுங்கள். ஒரு சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப 150 செ.மீ. விட்டமுள்ள வட்டம் வேண்டும். அதை அதே சதுரத்தின் மேல் வரைந்து காட்டுங்கள். 3.14 × 75 × 75 = 17,662.5 சதுர செ.மீ. விமானக் கழிவறையின் மொத்தப் பரப்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். வட்டம் சதுரத்தைத் தாண்டி நாற்புறமும் வெளியே நிற்கும்.

என் வகுப்பில் இந்த வட்டத்தை வரைந்து முடித்ததும் சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு ஒரு மாணவி கேட்டாள்: “அப்போ அவங்க எல்லாம் பிளைட்ல போனா என்ன மிஸ் பண்ணுவாங்க?”

உண்மையான விடையைச் சொல்லலாம். பலர் பயணத்துக்கு முன்பிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். 125 அல்லது அதற்கு மேற்பட்ட இருக்கைகளும் ஒற்றை நடைபாதையும் கொண்ட புதிய விமானங்களில், உதவியாளருடன் உள்ளே போகும் அளவுக்குக் கழிவறை இருக்க வேண்டும் என்று அமெரிக்கப் போக்குவரத்துத் துறை விதி கொண்டுவந்தது 2023இல்தான். அதுவும் 2033 அக்டோபரிலிருந்து வாங்க ஒப்பந்தம் செய்யப்படும் விமானங்களுக்கும், 2035 அக்டோபரிலிருந்து ஒப்படைக்கப்படும் விமானங்களுக்கும் மட்டும். அத்தனை ஆண்டுகள் சேமிக்கப்பட்ட இடம் யாரிடமிருந்து வந்தது என்பதை மாணவர்கள் தாங்களே சொல்லிவிடுவார்கள்.

அதோடு நிறுத்தாமல் ஒரு தீர்வையும் காட்டுங்கள். ஏர்பஸ் ஏ320இன் பின்பகுதிக்கான ஸ்பேஸ் ஃப்ளெக்ஸ் என்ற அமைப்பில், இரண்டு கழிவறைகள் அடுத்தடுத்து இருக்கும். நடுவிலுள்ள தடுப்பை மடக்கினால் இரண்டும் ஒரே அறையாகிவிடும். வேண்டாதபோது இரண்டு அறை, வேண்டும்போது ஒரு பெரிய அறை. பயணிகளுக்கான இருக்கைகளும் குறையவில்லை. நல்ல வடிவமைப்பு இருக்கைகளைப் பறிக்காமல் இடம் கண்டுபிடிக்கும் என்பதற்கு இது சான்று. இந்தச் செய்தியைக் கேட்ட பிறகு, குழுக்கள் தங்கள் வரைபடத்தைத் திருத்த ஒரு வாய்ப்பு தர வேண்டும். மதிப்பீட்டுக்கு முதல் வரைபடத்தையும் திருத்திய வரைபடத்தையும் சேர்த்தே பாருங்கள்.

நம் பள்ளிக் கழிவறை

ஐந்தாவது பாடவேளையில் மாணவர்கள் அளவு நாடாவுடன் நம் பள்ளிக் கழிவறைக்கே போகட்டும். மாணவிகள் தனிக் குழு, மாணவர்கள் தனிக் குழு. மாணவிகள் குழுவுடன் ஆசிரியை ஒருவர் இருப்பது அவசியம். ஓய்வு வேளைக்கு முன்பே போய் வந்துவிட வேண்டும்.

அளக்க வேண்டியவை: நீளம், அகலம், கதவின் அகலம், தாழ்ப்பாளின் உயரம், குழாயின் உயரம், வாசற்படியின் உயரம், வெளிச்சம் வரும் ஜன்னல். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தாழ்ப்பாள் எட்டுகிறதா? சக்கர நாற்காலி நுழைய 90 செ.மீ. வாசல் இருக்கிறதா? ஒரு கழிவறைக்கு எத்தனை பேர்? கல்வி உரிமைச் சட்டம் 2009, மாணவர்க்கும் மாணவியர்க்கும் தனித்தனிக் கழிவறையைப் பள்ளியின் கட்டாய வசதியாக வைத்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பள்ளி வளாகம் எல்லாரும் பயன்படுத்தத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. தூய்மைப் பள்ளி வழிகாட்டுதலின்படி 40 மாணவருக்கு ஒரு தொகுதி. இந்த அளவுகோல்களுடன் தாங்கள் எடுத்த அளவை ஒப்பிட்டு ஒரு பக்க அறிக்கை எழுதட்டும்.

பிறகு பெண் பிள்ளைகளிடம் தனியாக, பெயர் எழுதாத துண்டுச்சீட்டில் ஒரே ஒரு கேள்வி: கழிவறைக்குள் உங்களுக்கு எது இல்லாமல் சிரமம்?

என் வகுப்பில் வந்த விடைகளில் யாரும் பெரிய அறை கேட்கவில்லை. துப்பட்டாவையும் கோட்டையும் மாட்ட ஒரு கொக்கி. நாப்கினைத் தரையில் வைக்காமல் இருக்க ஒரு சிறு தட்டு. மூடியுள்ள குப்பைக்கூடை, அதுவும் உள்ளேயே. சரியாகப் பிடிக்கும் தாழ்ப்பாள். “தாழ்ப்பாள் இல்லாததால் தண்ணீர் குடிக்க மாட்டேன்” என்று ஒரு சீட்டில் இருந்தது. விமானத்தில் சக்கர நாற்காலிப் பயணி செய்வதையே எட்டாம் வகுப்புப் பிள்ளை தினமும் செய்துகொண்டிருக்கிறாள். புதுயுகம் திட்டத்தில் நாப்கின் வழங்குகிறோம். அதை வைக்கவும் போடவும் அந்த மூன்றடிக்குள் இடம் செய்தோமா என்பது அடுத்த கேள்வி.

கொக்கியும் தட்டும் தரையில் இடம் பிடிக்காது. இரண்டும் சுவரில் வீணாகக் கிடக்கும் உயரத்தைப் பயன்படுத்திக்கொள்ளும். விமானப் பொறியாளர் இருக்கைக்குப் பின்னால் கண்டுபிடித்த முக்கோணம் போன்றதுதான் கதவுக்குப் பின்னால் உள்ள வெற்றுச் சுவரும். மாணவிகள் கொக்கியின் உயரம், தட்டின் அகலம், குப்பைக்கூடை வைக்கும் மூலை ஆகியவற்றை அளவுடன் வரைந்து தந்தார்கள். அந்த வரைபடத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்தோம். நாங்கள் ஒரு வரி விளக்கம்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உறுப்பினர்களாக இருந்த தாய்மார்கள் வரைபடத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்கள். தாழ்ப்பாளும் கொக்கியும் அடுத்த வாரமே வந்தன. தட்டுக்கும் மூடியுள்ள கூடைக்கும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மற்ற வகுப்புகளுக்கு

தொடக்க வகுப்புகளில் அளவு நாடாவுக்குப் பதிலாகச் சாண், முழம், காலடி போதும். சதுரத்துக்குள் நாற்காலியுடன் திரும்பிப் பார்ப்பது அவர்களுக்கு விளையாட்டு. ‘இங்கே என்ன வைக்கலாம், என்ன வைக்கக்கூடாது’ என்று பேசவைத்தால் மொழிப் பயிற்சியாகவும் ஆகும். ஒன்பது, பத்தாம் வகுப்பில் கன அளவு, உருளையின் புறப்பரப்பு, காற்றில்லாச் சுவாசம் ஆகியவற்றுடன் இணைக்கலாம். தாழ்வான இடம், உயரமான இடம் என்று காற்றழுத்தம் மாறுவதைப் புவியியலுடனும் சேர்க்கலாம். வாய்ப்புள்ள பள்ளிகள் மாணவர்களைப் பெரம்பூர் தொழிற்சாலையை ஒட்டிய சென்னை ரயில் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லலாம்.

மதிப்பெண் வழங்கும்போது வரைபடத்தின் அழகைவிட அடியில் எழுதிய இரண்டு வரிகளுக்கு முன்னுரிமை தாருங்கள். எவ்வளவு சேமித்தோம் என்பதைப் பெரும்பாலான குழுக்கள் சரியாகவே கணக்கிடும். எங்கிருந்து வந்தது என்ற இரண்டாவது வரியை நேர்மையாக எழுதிய குழுவின் தாளை வகுப்பறைச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்த ஆண்டு எட்டாம் வகுப்புக்கு வருபவர்கள் அதிலிருந்து தொடங்கட்டும்.